அதே இடத்தில் ஏன் திரும்ப வருகிறது? தோலின் நினைவு செல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் நோய்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நாள் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "போன தடவை வந்த அதே இடத்துலயே வந்திருக்கு டாக்டர், ஏன்?" வரிசை நீளமாக இருக்கும் நாளில் 'தோலுக்கு நினைவு இருக்கிறது' என்று இதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, மாலையில் வருந்தியிருக்கிறேன். நிதானமாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தோலுக்கு நினைவு இருக்குன்னு சொன்னீங்களே, அது என்ன நினைவு?

வெள்ளணுக்களில் ஒரு வகை, டி செல். ஒவ்வொரு டி செல்லும் ஏதோ ஒரு குறிப்பிட்ட புரதத் துணுக்கை அடையாளம் காணப் பிறந்தது. அது ஒரு வைரஸின் துணுக்காக இருக்கலாம், பூஞ்சையின் துணுக்காக இருக்கலாம். அந்தத் துணுக்கை முதன்முதலில் சந்திக்கும்போது செல் பெருகிப் பல்லாயிரமாகிறது. சண்டை முடிந்ததும் பெரும்பாலானவை மடிந்துவிடும். சில மட்டும் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அவைதான் நினைவு டி செல்கள்.

அடுத்த முறை அதே எதிரி வந்தால் இவை முதலிலிருந்து தயாராக வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். நினைவு என்று நான் சொல்வது இந்த ஆயத்த நிலையைத்தான்.

அதெல்லாம் ரத்தத்துல தானே ஓடிக்கிட்டிருக்கும்? தோல்ல என்ன வேலை?

நான் படித்த காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள். டி செல்கள் ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் சுற்றும், அழைப்பு வந்தால் தோலுக்கு வரும், வேலை முடிந்தால் போய்விடும் என்பது பாடம். 2006இல் ஹார்வர்டைச் சேர்ந்த ரேச்சல் கிளார்க், தாமஸ் குப்பர் குழுவினர் நோயற்ற மனிதத் தோலை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 10 லட்சம் டி செல்கள் இருந்தன. உடல் முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறக்குறைய 2,000 கோடி. ரத்தத்தில் ஓடும் மொத்த டி செல்களைப் போல இரண்டு மடங்கு.

அவற்றில் பெரும்பாலானவை நினைவு செல்கள். புண் இல்லை, சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை. பார்க்கச் சாதாரணமான தோல். அதற்குள் இவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள். இந்த ஒரு எண்ணிக்கை, தோல் நோய்களைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது.

சுத்தி வராம அங்கேயே இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

இரண்டு சான்றுகள் எனக்கு முக்கியமானவை. ஒன்று, எலிகளில் செய்தது. இரண்டு எலிகளின் உடலைப் பக்கவாட்டில் ஒட்டித் தைத்தால் சில நாளில் ரத்த ஓட்டம் பொதுவாகிவிடும். 2012இல் வெளியான ஆய்வில், தோலில் வாக்சினியா வைரஸ் (பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்டது) தொற்றிய எலியைத் தொற்றாத எலியோடு இப்படி இணைத்தார்கள். ரத்தத்தில் சுற்றும் நினைவு செல்கள் இருவருக்கும் பொதுவாயின. தோலில் தங்கியவை மட்டும் முதல் எலியை விட்டு நகரவில்லை. அந்த வைரஸ் மறுபடி தோலில் தொற்றியபோது அதை விரைவாக ஒழித்ததும் அவைதான்.

இரண்டாவது, மனிதர்களிடமிருந்தே வந்தது. அலெம்டுசுமாப் என்ற மருந்து ரத்தத்தில் உள்ள டி செல்களை அடியோடு துடைத்துவிடும். ஒருவகைத் தோல் புற்றுக்காக அதைக் குறைந்த அளவில் பெற்றவர்களின் ரத்தத்தில் டி செல்லே இல்லை. ஆனால் தோலை எடுத்துப் பார்த்தால் நினைவு செல்கள் அப்படியே இருந்தன. தொற்றுகளும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ரத்தத்தோடு சுற்றும் செல்களாக இருந்திருந்தால் அவையும் மருந்தில் சிக்கியிருக்கும்.

மேல்தோல் மாசத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதுசா வருதுன்னு படிச்சேன். அப்ப இந்தச் செல் மட்டும் எப்படி உதிராம இருக்கு?

நல்ல கேள்வி, மருத்துவ மாணவர்களும் கேட்பார்கள். உதிர்வது மேல்தோலின் கட்டுமானச் செல்கள். அடியடுக்கில் பிறந்து மேலே தள்ளப்பட்டுக் கடைசியில் செதிலாக விழுகின்றன. நினைவு டி செல்கள் அந்தக் கட்டுமானத்தின் பகுதி அல்ல. அடியடுக்கை ஒட்டி, செல்களுக்கு நடுவே இருப்பவை.

அங்கே இருந்துகொள்ள அவற்றுக்குச் சில வழிகள் உண்டு. சிடி103 என்ற புரதம், மேல்தோல் செல்லில் உள்ள ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தைக் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். சிடி69 என்ற இன்னொரு புரதம், திசுவை விட்டு வெளியேறச் சொல்லும் சமிக்ஞையைக் காதில் விழாமல் செய்துவிடும். சோறு போடுவதும் தோல்தான். மேல்தோல் செல்கள் சுரக்கும் இன்டர்லூகின்-15 என்ற சமிக்ஞைப் புரதம் இவற்றை உயிரோடு வைத்திருக்கிறது. தோலில் உள்ள கொழுப்பு அமிலங்களை உறிஞ்சி எரித்து இவை காலம் தள்ளுகின்றன. இந்த இன்டர்லூகின்-15 பின்னால் வெண்புள்ளி பற்றிய பதிலில் மறுபடி வரும்.

எங்க பாட்டி கையில அம்மை குத்தின தழும்பு பெருசா இருக்கு. அந்தக் காலத்துல ஏன் தோலைக் கீறிக் குத்தினாங்க?

பெரியம்மைத் தடுப்பூசியைத் தசையில் போடாமல் தோலைக் குத்திக் கீறிப் போட்டது அனுபவத்தில் வந்த வழக்கம். 1796இல் எட்வர்ட் ஜென்னர் செய்ததும் அதுவே. 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தபோதும், தோல் வழியாகப் போட்ட அந்தத் தடுப்பூசி ஏன் அவ்வளவு வலுவாக வேலை செய்தது என்பதற்கு முழு விளக்கம் கையில் இல்லை. பிறகு எலிகளில் பார்த்தபோது, மற்ற வழிகளில் போட்டதைவிடத் தோலைக் கீறிப் போட்டதே வலுவான பாதுகாப்பைத் தந்தது. அதில் தோலில் தங்கிய டி செல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் பாட்டியின் தழும்பை நான் மரியாதையோடுதான் பார்ப்பேன்.

வயித்துப்போக்குக்கு மாத்திரை போட்டேன், உதட்டுல கருப்பா வந்துச்சு. போன வருஷமும் அதே உதட்டுல, அதே இடத்துல. உடம்புல வேற இடமே கிடைக்கலையா அதுக்கு?

கிடைக்காது. நினைவு செல் இருக்கும் இடத்தில்தான் அது வரும். இதை நிலைத்த மருந்துத் தடிப்பு என்கிறோம். பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக் 1894இல் இதற்குப் பெயரிட்டபோதே 'நிலைத்த' என்ற சொல்லைப் போட்டார். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ கருஞ்சிவப்புத் தடிப்பு வரும், எரியும், சில நேரம் கொப்புளம் கட்டும். உதடு, பிறப்புறுப்பு, கை, கால்களில் அதிகம். மாத்திரை போட்டு அரை மணியிலேயே எரிச்சல் தொடங்கிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. பிறப்புறுப்பில் வந்தால் பால்வினை நோய் என்று பயந்து, வீட்டில் சந்தேகச் சண்டை வரை போய், அதற்குப் பிறகே எங்களிடம் வருகிறார்கள். அந்த வேதனைக்கு ஒரு மாத்திரைதான் காரணம் என்று தெரியும்போது அவர்கள் முகம் தெளிவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

உள்ளே நடப்பது இது. அந்த வட்டத்தின் மேல்தோல் அடியடுக்கில் சிடி8 வகை (மற்ற செல்களைக் கொல்லக்கூடிய வகை) நினைவு செல்கள் தங்கியிருக்கின்றன. மருந்து ரத்தத்தின் வழியே எல்லா இடத்துக்கும் போகிறது, ஆனால் அதை எதிரியாக நினைவில் வைத்திருப்பவை அந்த வட்டத்தில்தான் இருக்கின்றன. விழித்துக்கொண்டதும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, பக்கத்துத் தோல் செல்களைக் கொல்கின்றன. செத்த செல்களிலிருந்த நிறமி கீழே இறங்கிக் கீழ்த்தோலில் தேங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் போகாத அந்தக் கருப்பு அதனால்தான்.

காரணமாகும் மருந்துகள் நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கும்: கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், டினிடசோல், நார்ஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின், ஐபுப்ரோஃபென், சில பேருக்குப் பாரசிட்டமால்கூட. எந்த மருந்து என்று கண்டுபிடித்து, அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் "வயித்துப்போக்கு மாத்திரை குடுங்க" என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு முறை திரும்ப வரும்போதும் புதிய வட்டங்கள் சேரலாம். உடல் முழுக்கக் கொப்புளமாகப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

அந்த மருந்துதான்னு உறுதிப்படுத்த முதுகுல ஒட்டுப் பரிசோதனை பண்ணாங்க, ஒண்ணும் வரலை. அப்ப மருந்து காரணம் இல்லையா?

சந்தேகப்படும் மருந்தை முதுகில் ஒட்டினார்களா, பழைய கரும்புள்ளியின் மேல் ஒட்டினார்களா என்று கேளுங்கள். முந்தைய பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். நினைவு செல்கள் முதுகில் இல்லை. இந்த நோய்க்கான ஒட்டுப் பரிசோதனையைப் பழைய புள்ளியின் மேல்தான் செய்ய வேண்டும். அங்கே செய்தும் சில மருந்துகளுக்கு வராது. மருந்து தோலைத் தாண்டி உள்ளே இறங்காமல் போகலாம். தடிப்பு வந்து ஆறிய உடனே செய்தாலும் வராது, அந்த இடம் சில வாரம் அடங்கிக் கிடக்கும். ஆகவே 'ஒன்றும் வரவில்லை' என்பதை வைத்து அதே மாத்திரையை மறுபடி விழுங்கிப் பார்க்காதீர்கள்.

சொரியாசிஸ் முழங்கைல சுத்தமா போயிடுச்சு. மருந்தை நிறுத்தி ரெண்டு மாசத்துல அதே முழங்கைல, அதே அளவுல வந்துடுச்சு. முழுசா குணமாகலையா?

கண்ணுக்குத் தெரிந்த பகுதி குணமானது. செல்கள் போகவில்லை. ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிகிச்சையால் தெளிந்த, சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தெளிவாகவே இருந்த தோலை எடுத்துப் பார்த்தார்கள். பழைய படை இருந்த இடத்து மேல்தோலில் இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-22 சுரக்கத் தயாராக டி செல்கள் இருந்தன. படையைத் தடித்துச் செதிலாக்குபவை இந்த இரண்டு சுரப்புகளும்தான்.

அடுப்பில் நீறு பூத்த நெருப்பு போல என்று நோயாளிகளுக்குச் சொல்வேன். ஸ்டீராய்டு களிம்பு மேலே சாம்பலைப் போடுகிறது, உள்ளே இருக்கும் கங்குகளை அணைப்பதில்லை. அதனால்தான் தோல் தெளிந்த பிறகும் வாரம் இரண்டு நாள் களிம்பு போடச் சொல்கிறோம், திடீரென்று நிறுத்த வேண்டாம் என்கிறோம். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ சொரியாசிஸுக்கு யாராவது கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அதை நிறுத்தும்போது உடல் முழுக்கச் சீழ்க்கொப்புளமாக வெடித்து வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

ஆனா எனக்குப் படையே இல்லாத இடத்துல கீறல் பட்டுச்சு, அங்க புதுசா வந்துச்சே. நீங்க சொல்றதுக்கு மாறா இருக்கே?

மாறானதுபோல் தோன்றும். காயத்தின் தடத்தில் சொரியாசிஸ் வருவதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிக் கோப்னர் விவரித்தார். இதற்கான விடை 2004இல் கிடைத்தது. சொரியாசிஸ் உள்ளவர்களின் படையில்லாத, பார்க்க நன்றாக இருந்த தோலை எடுத்து, சொந்த டி செல்களே இல்லாத எலிகளின்மேல் ஒட்டினார்கள். அந்தத் தோலில் தானாகவே சொரியாசிஸ் உருவானது. எலியிடம் டி செல் கிடையாது. ஆக, ஒட்டிய மனிதத் தோலோடு வந்த டி செல்கள்தான் பெருகி அதைச் செய்தன.

அதாவது படை இருந்த இடத்தில் செல்கள் அடர்த்தியாகவும் மற்ற இடங்களில் அங்கங்கேயும் இருக்கின்றன. கீறல் அவற்றை எழுப்பிவிடுகிறது. அரிக்கும்போது சொறிவதைத் தவிர்க்கச் சொல்வதும், இறுக்கமான பெல்ட், சிராய்க்கும் செருப்பு வேண்டாம் என்பதும் இதனால்தான்.

வெண்புள்ளிக்கும் இதே கதையா?

நோயின் முகம் வேறு, உள்ளே நடப்பது ஒரே மாதிரி. முதலில் ஒன்று: இதை வெண்குஷ்டம் என்று சொல்லாதீர்கள். தொழுநோயோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை, தொட்டால் ஒட்டாது. அந்தச் சொல்லால் கல்யாணம் நின்றுபோன பெண்களுக்கு என் எதிரே அமர்ந்து அழ மட்டுமே முடிந்திருக்கிறது.

வெண்புள்ளியில் சிடி8 நினைவு செல்கள் நிறமி செல்களைக் குறிவைக்கின்றன. இன்டர்ஃபெரான்-காமா சுரந்து, ரத்தத்தில் சுற்றும் கூட்டாளிகளையும் துணைக்கு அழைக்கின்றன. சிகிச்சை எடுக்கும்போது முடிக்கால்களில் ஒளிந்திருக்கும் நிறமி செல்கள் மேலேறி வரும். அதனால்தான் நிறம் புள்ளிப் புள்ளியாக, மயிர்க்காலைச் சுற்றித் திரும்புகிறது. சிகிச்சையை நிறுத்தினால் தங்கியிருந்த நினைவு செல்கள் அவற்றை மறுபடி அழித்துவிடலாம். இன்டர்ஃபெரான்-காமாவின் சமிக்ஞையைத் தடுக்கும் ருக்சோலிட்டினிப் களிம்புக்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நல்ல மருந்து, ஆனால் இதுவும் சமிக்ஞையைத்தான் நிறுத்துகிறது. செல்லையே பட்டினி போட முடியுமா என்று 2018இல் எலிகளில் பார்த்தார்கள். மேலே சொன்ன இன்டர்லூகின்-15 அந்தச் செல்களை எட்டாதபடி தடுத்தபோது, குறுகிய கால மருந்திலேயே நிறம் திரும்பி நிலைத்தது. எனக்கு நம்பிக்கை தரும் ஆய்வு அது.

ரத்தத்தைச் சுத்தம் பண்ற மருந்து சாப்பிட்டா இதெல்லாம் போயிடாதா?

அலெம்டுசுமாப் கதையை மறுபடி நினைவுபடுத்துகிறேன். ரத்தத்திலிருந்து டி செல்லை மிச்சமில்லாமல் எடுத்தபோதே தோலில் உள்ளவை அசையவில்லை. வேறெந்தச் 'சுத்தி'யும் அதைவிட வலுவாக வேலை செய்யப் போவதில்லை.

அப்ப ரத்தப் பரிசோதனைல இந்தச் செல் எவ்வளவு இருக்குன்னு பார்க்க முடியுமா?

முடியாது. தோலில் சிறு துண்டு எடுத்து, தனிச் சாயங்கள் கொண்டுதான் பார்க்க முடியும். அதுவும் ஆய்வுகளில் செய்வது. சிகிச்சையை முடிவுசெய்ய உங்களுக்கு அது தேவைப்படாது.

புதுசா வந்திருக்கிற விலை உயர்ந்த ஊசிகள் இந்த நினைவையே அழிச்சிடுமா?

ஊசிக்கு ஊசி வேறுபாடு இருக்கிறது. சொரியாசிஸ் உள்ளவர்களின் தோல் மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வொன்றில், இன்டர்லூகின்-23ஐத் தடுக்கும் குசெல்குமாப் பெற்றவர்களிடம் சிடி8 தங்கு செல்கள் குறைந்தன. இன்டர்லூகின்-17ஐத் தடுக்கும் செகுகினுமாப் பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. இரண்டும் படையை நன்றாகத் தெளிய வைப்பவைதான். குறைவது வேறு, அழிவது வேறு. நிரந்தரமாகத் துடைத்தெறியும் மருந்து என்று இன்று எதையும் நான் உங்களுக்கு எழுதித்தர முடியாது. யாராவது அப்படி உறுதி சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எல்லாத்தையும் அழிச்சுட்டா நல்லதுதானே? பிரச்சினையே இந்தச் செல்தானே?

இல்லை. உங்கள் தோலில் இருக்கும் 2,000 கோடியில் பெரும்பகுதி உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அக்கிக் கொப்புள வகையைச் சேர்ந்த ஹெர்பிஸ் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து அவ்வப்போது தோலுக்கு வரும். சியாட்டிலில் ஆய்வு செய்தவர்கள், புண் ஆறி மாதங்கள் ஆன பிறகும் அந்த இடத்து நரம்பு முனைகளின் அருகே சிடி8 செல்கள் காத்து நிற்பதைக் கண்டார்கள். வைரஸ் வெளியே வரும் பல தடவைகளில் நமக்குத் தெரியாமலே அது அடங்கிவிடுவது இந்தக் காவலால்தான்.

மெலனோமா என்ற நிறமிப் புற்றிலும் அப்படியே. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சை எடுக்கும்போது சிலருக்கு வெண்புள்ளி தோன்றும். அவர்களுக்குப் புற்று கட்டுப்படும் வாய்ப்பு கூடுதல். வெண்புள்ளியில் நிறமியை அழிக்கும் அதே ஆற்றல் அங்கே உயிரைக் காக்கிறது.

டிபிக்கு முன்கையில ஊசி போட்டு ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்றாங்களே, அதுவும் இந்தத் தங்கு செல்தானா?

மான்டூ பரிசோதனையில் வேலை செய்வது முக்கியமாக ரத்தத்தில் சுற்றும் நினைவு செல்கள். அந்த முன்கையில் காசநோய்க் கிருமி முன்பு வந்ததில்லை, ஆகவே அங்கே அதற்கான செல்கள் தயாராக இல்லை. அவை ரத்தத்திலிருந்து வந்து கூட வேண்டும். அதற்குத்தான் 48 முதல் 72 மணி நேரம். மாத்திரைக்கு உதடு அரை மணியில் எரிந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் விளங்கும். இன்னொன்று: வீங்கினால் காசநோய் என்று அர்த்தமில்லை. கிருமியை உடல் முன்பு சந்தித்திருக்கலாம் என்பதை மட்டுமே அது சொல்லும்.

இந்தச் செல்லே புற்றுநோயா மாறுமா?

அரிதாக மாறும். தோலில் தங்கும் நினைவு செல் புற்றாக மாறினால் அது மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். தங்கும் குணம் அதற்கும் இருப்பதால் எல்லை தெளிந்த படைகளாக, பல ஆண்டுகள் அதே இடங்களில் கிடக்கும். எக்ஸிமா என்றே பலருக்கு வைத்தியம் நடந்திருக்கும். சுற்றும் வகை நினைவு செல் புற்றானால் அது செசாரி நோய்; ரத்தத்திலும் இருக்கும், உடல் முழுதும் சிவந்துவிடும். அலெம்டுசுமாப் இரண்டாவதில் நன்றாக வேலை செய்து முதலாவதில் தோற்றதற்கும் காரணம் இதுதான்.

படை வந்த எல்லோரும் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். வெயில் படாத இடுப்பு, தொடை, பிட்டம் போன்ற இடங்களில் மெல்லிய படை ஆண்டுக்கணக்கில் இருந்து, எந்தக் களிம்புக்கும் முழுதாக மசியாவிட்டால் மட்டும் தோல் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் முறை ஒன்றும் தெரியாமல், இரண்டாவது மூன்றாவது முறையில் பிடிபடுவதும் உண்டு. ஆகவே மறுபடி எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் சம்மதியுங்கள். எடுக்கும் முன் இரண்டு வாரமாவது அந்த இடத்தில் ஸ்டீராய்டு களிம்பு போடாமல் இருங்கள்.